விருது மேடையும் இருபத்தைந்து வாடிக்கையாளரும்

2015 மே மாதத்தில், பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் ஆயிரக்கணக்கான சீனர்கள் அணிவகுத்து நின்று, வானிலிருந்து படிக்கக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தங்கள் உடல்களாலேயே எழுதினார்கள். அவர்களை அங்கே அழைத்து வந்தது தியென்ஸ் என்ற நிறுவனம். சத்துமாத்திரைகளையும் உடல்நலப் பொடிகளையும் நேரடி விற்பனை முறையில் விற்பது அதன் தொழில். தொடங்கி 20 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடச் சுமார் 6,400 பேரைப் பாரிஸுக்கும் நீஸுக்கும் கூட்டிச் சென்றது. பாரிஸில் மட்டும் 140 விடுதிகளில் அறை எடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் அந்தப் படத்தை விரும்பி வெளியிட்டன. அந்த மாத்திரையை வாங்கி விழுங்குபவர் யார், அவருக்கு அதனால் என்ன ஆனது என்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

சத்துப்பொருள் விற்கும் நேரடி விற்பனைத் தொழிலில் 'சிறந்த விநியோகஸ்தர்' என்று ஒருவரை எதை அளந்து சொல்கிறார்கள்? அந்த அளவுகோல் அவருக்குக் கீழே இருப்பவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் சென்னையின் புறநகர்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களை எடுத்து இப்படிக் கூட்டங்கள் நடப்பதைத் தமிழ் வாசகர் அறிவார். பொன்னாடை, மாலை, சட்டையில் குத்தும் 'பின்', திரையில் ஓடும் வெளிநாட்டுப் பயணப் படங்கள். அழைத்தவர் பெரும்பாலும் உறவுக்காரராகவோ பழைய சகஊழியராகவோ இருப்பார்.

மற்றத் தொழில்களில் விருது என்பது வேலைக்கு மேல் வைக்கும் ஒரு பூ. இங்கே வேலையை நடத்துவதே அதுதான். விநியோகஸ்தருக்குச் சம்பளம் கிடையாது, கேள்வி கேட்க மேலதிகாரி கிடையாது, வராவிட்டால் பிடித்தம் செய்ய வருகைப் பதிவேடும் கிடையாது. அவரை நாளைக்கும் நான்கு வீட்டுக் கதவைத் தட்ட வைக்க நிறுவனத்தின் கையில் இருப்பவை கமிஷனும் மேடையும் மட்டுமே. பெரும்பாலோருக்குக் கமிஷன் மிகச் சொற்பம். ஆகவே பாரம் முழுவதும் மேடையின் மேல் விழுகிறது. அமெரிக்க நேரடி விற்பனை நிறுவனங்களை ஆராய்ந்து 1989இல் புத்தகம் எழுதிய சமூகவியலாளர் நிக்கோல் பிகார்ட், வழக்கமான அலுவலக அதிகாரம் செய்யும் வேலையை இங்கே குடும்பப் பாசமும் ஈர்ப்புமிக்க தலைவர்மேல் உள்ள பற்றும் செய்வதைக் காட்டினார். இந்த மேடைகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏறுவது தற்செயலாக வந்த வழக்கம் இல்லை.

மேடையின் பூர்வீகம் துடைப்ப வியாபாரத்தில் இருக்கிறது. 1931இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் நிறுவனம் வீட்டைச் சுத்தம் செய்யும் பொருட்களை வீட்டு விருந்துகளில் விற்றது. அதன் மாநாட்டில் அதிகம் விற்ற பெண்ணுக்கு ராணியாக முடி சூட்டினார்கள். அதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்த மேரி கே ஆஷ் பின்னாளில் தன் சொந்த அழகுசாதன நிறுவனத்தில் இளஞ்சிவப்பு கேடிலாக் கார்களைப் பரிசாகக் கொடுத்தார். அதே ஸ்டான்லியிலிருந்து போன பிரவுனி வைஸ், டப்பர்வேர் விற்பனையாளர்களுக்காக 1954இல் ஃபுளோரிடாவில் ஒரு திருவிழா நடத்தினார். பரிசுகளை மண்ணுக்குள் புதைத்து, பெண்கள் கையில் மண்வெட்டி கொடுத்துத் தோண்டி எடுக்கச் செய்தார். இந்த இருவரின் விழாக்களிலும் குறையைத் தேடினால் கிடைக்கும். என்றாலும் அவர்கள் பாராட்டியது பெரும்பாலும் விற்பவளின் விற்பனைத் திறமையை. வீட்டுக்கு வெளியே தன் பெயரைச் சொல்லி யாரும் கைதட்டியிராத பெண்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சத்துப்பொருள் தொழிலின் கதை வேறு தடத்தில் போகிறது. கார்ல் ரென்போர்க் 1934இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வைட்டமின் நிறுவனம் 1939இல் நியூட்ரிலைட் என்று பெயர் மாறியது. 1945இல் லீ மைட்டிங்கர் என்ற விற்பனையாளரும் வில்லியம் கேசல்பெரி என்ற உளவியலாளரும் அதன் விநியோகத்தை ஏற்று ஒரு திட்டம் வகுத்தார்கள். குறைந்தது 25 நிரந்தர வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் விநியோகஸ்தர் மட்டுமே புதிய விநியோகஸ்தர்களைச் சேர்க்கலாம். அவர்களுடைய விற்பனையில் 3 சதவீதம் கமிஷன் பெறலாம். சேர்த்துவிட்டவரை 'அப்லைன்' என்றும் கீழே சேர்ந்தவர்களை 'டவுன்லைன்' என்றும் சொல்லும் இன்றைய முறையின் விதை இங்கே இருக்கிறது. விதைக்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது: முதலில் 25 பேர் உன்னிடம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும், ஆள் சேர்ப்பது அதற்கு அப்புறம்.

ரிச் டெவோஸும் ஜே வான் ஆண்டலும் 1949இல் நியூட்ரிலைட் விநியோகஸ்தர்களாகச் சேர்ந்தவர்கள். பத்தாண்டு கழித்து, 1959இல், மிச்சிகனில் ஆம்வேயைத் தொடங்கினார்கள். 1972இல் நியூட்ரிலைட்டையே தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். விருதுப் படிக்கட்டு அதன் முழு வடிவத்தை அடைந்தது ஆம்வேயில்தான். சில்வர், கோல்டு, பிளாட்டினம், ரூபி, சஃபையர், எமரால்டு, டைமண்ட் என்று ஏறி கிரவுன் அம்பாசிடரில் முடியும். எமரால்டு ஆக, கீழே பிரியும் கிளைகளில், அதாவது 'லெக்'குகளில், மூன்றும் டைமண்ட் ஆக ஆறு 'லெக்'குகளும் மிக உயர்ந்த கமிஷன் அளவைத் தொட்டிருக்க வேண்டும். அந்த அளவைத் தொட ஒரு கிளைக்கு, வாங்கும் பொருளின் அளவைக் காட்டும் புள்ளிகள் மாதம் 7,500 அல்லது 10,000 தேவைப்படும். நாட்டுக்கு நாடு மாறும். பத்தாயிரம் என்றே வைத்து, ஒரு குடும்பம் மாதம் 100 புள்ளிக்கு வாங்குகிறது என்று கொண்டால், ஆறு கிளைக்கு 600 குடும்பங்கள். ஒரு டைமண்ட் மேடையில் நிற்க, கீழே இத்தனை வீடுகள் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த 600 வீடுகளில் எத்தனை வீடு தொழிலில் சேராத வாடிக்கையாளர் வீடு என்பதைப் படிக்கட்டு கேட்பதில்லை.

1980இல் மார்க் ஹியூஸ் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஹெர்பலைஃபின் படிக்கட்டிலும் இதே தன்மை உண்டு. சூப்பர்வைசர், வேர்ல்டு டீம், அதற்கு மேல் ஜி.இ.டி. (குளோபல் எக்ஸ்பான்ஷன் டீம்), மில்லியனர் டீம், பிரெசிடென்ட்ஸ் டீம். மேல் மூன்று படிகளுக்கும் அளவு ராயல்டிப் புள்ளிகள். அதாவது தனக்குக் கீழே உள்ள சூப்பர்வைசர்களின் கொள்முதலிலிருந்து மேலேறி வரும் பங்கு. தொடர்ந்து மூன்று மாதம் 1,000, 4,000, 10,000 என்று அவை உயரும். 'மில்லியனர் டீம்' என்ற பெயரைக் கவனியுங்கள். 4,000 ராயல்டிப் புள்ளியை ஏறத்தாழ 4,000 டாலர் என்று வைத்தாலும், அதனால் மட்டும் வருவது ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்குள். செலவு போனது போக எவ்வளவு என்பது அதற்கப்புறம். அந்தப் பட்டத்தைச் சட்டையில் குத்தியவர் கோடீஸ்வரர் என்று மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் நினைப்பது இயல்பு. அப்படி நினைக்க வைக்கிறது பெயர்.

மேடையில் நிற்பவரின் நிலைமைதான் என்ன? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1982இல் ஆம்வேக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஒரு விவரம் வெளியே வந்தது. அம்மாநிலத்தில் மேல் ஒரு சதவீதத்தில் இருந்த விநியோகஸ்தர்களின் வருமான வரிக் கணக்குகளைப் பார்த்தபோது, செலவு கழித்தபின் சராசரியாக 918 டாலர் நஷ்டம் இருந்தது. நஷ்டப்பட்டவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களோ சோம்பேறிகளோ இல்லை. எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காரவைக்கப்படுபவர்கள் அவர்கள். பெட்ரோல், மண்டப வாடகை, மாதிரிப் பொட்டலங்கள், தொலைபேசி, ஊக்கவுரை நாடாக்கள், அடுத்த மாநாட்டுக்கான சீட்டு எல்லாம் அவர்கள் பையிலிருந்து போயின. நாடாவும் சீட்டும் விற்றதில் இன்னும் மேலே இருந்த சிலருக்குத் தனி வருமானம் இருந்தது.

அமெரிக்காவில் இந்தத் தொழில்மேல் நடந்த வழக்குகளை வரிசையாகப் படித்தால் ஒன்று தெரிகிறது: ஒவ்வொரு தீர்ப்பும் காணாமல்போன வாடிக்கையாளரைத் திரும்பக் கூட்டிவரப் பார்க்கிறது. 1979இல் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே பிரமிடுத் திட்டம் (பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் திட்டம்) அல்ல என்று தீர்ப்பளித்தது. அப்படிச் சொன்னதற்கு ஆதாரமாக எடுத்தவை ஆம்வேயின் சொந்த விதிகள்: ஒரு விநியோகஸ்தர் மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தை விற்ற பிறகே அடுத்த கமிஷன், விலகினால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதே தீர்ப்பு, வருமானத்தைப் பெரிதுபடுத்திச் சொன்னதற்காக நிறுவனத்தைக் கண்டிக்கவும் செய்தது. 1945இல் 25 ஆக இருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 1979இல் 10 ஆகக் குறைந்திருந்தது.

2016 ஜூலையில் ஹெர்பலைஃப் அதே டிரேட் கமிஷனுடன் 20 கோடி டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. சேல்ஸ் லீடர் என்ற தகுதி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 2014 முழுவதற்கும் நிறுவனத்திடமிருந்து பெற்றது சராசரியாக 300 டாலருக்குக் கீழ் என்று கமிஷனின் புகார் சொன்னது. ஊட்டச்சத்து மையம் வைத்தவர்கள் சராசரியாக 8,500 டாலர் போட்டிருந்தார்கள். அவர்களில் 57 சதவீதம் பேர் லாபமே இல்லை அல்லது நஷ்டம் என்றார்கள். சமரசத்தோடு வந்த உத்தரவின்படி, நிறுவனத்தின் அமெரிக்க விற்பனையில் 80 சதவீதமாவது உண்மையில் உண்பவர்களுக்குப் போக வேண்டும். விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்காவது பதிவு செய்து சரிபார்க்கக்கூடிய சில்லறை விற்பனையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். மாளிகை, சொகுசு வாழ்க்கை என்ற படங்களைக் காட்டி ஆசையைத் தூண்டவும் வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லவும் தடை வந்தது. என் பார்வையில் இந்தக் கடைசித் தடைதான் விருது மேடைமீதே நேராகக் கைவைத்தது.

2019இல் அட்வோகேர் என்ற சத்துப்பொருள் நிறுவனம் 15 கோடி டாலர் கொடுத்து, பல அடுக்கு விற்பனையையே கைவிட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் டிரேட் கமிஷன் காட்டிய கணக்கு: 2016இல் அதன் விநியோகஸ்தர்களில் 72.3 சதவீதம் பேருக்கு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வரவில்லை. இன்னும் 18 சதவீதம் பேருக்கு ஆண்டு முழுவதும் 250 டாலர் வரைதான். 2024இல் டிரேட் கமிஷன் அலுவலர்கள் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை அலசினார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் பெரும்பாலோர் பெற்றது ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோ. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மண்டபம் ஏன் நிறைகிறது? பேராசை என்று சொல்லிவிட்டு நகர்வது அநியாயம். மைக்கேல் காஸ்ஃபெல்டும் சுசானே நெக்கர்மனும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தரவு உள்ளிடும் வேலைக்கு அமர்த்திய மாணவர்களில் சிறந்தவருக்கு ஒரு பாராட்டு அட்டை தரப்படும் என்று மட்டும் சொன்னார்கள். பணம் எதுவும் இல்லை. வேலை சராசரியாக 12 சதவீதம் கூடியது. ஒரு கையெழுத்திட்ட அட்டைக்கே இந்த வலிமை என்றால், ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டும் மேடைக்கு எவ்வளவு இருக்கும்? ஓய்வுபெற்ற எழுத்தர், பிள்ளைகள் வெளியூர் போனபின் வீட்டில் தனித்துவிட்ட அம்மா, மில் மூடியதால் வேலை இழந்தவர் என்று இந்தக் கூட்டங்களுக்கு வருபவர்களில் பலர், வேறு எந்த இடமும் தங்களை ஒரு பொருட்டாக மதிக்காதவர்கள். அந்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். அதற்கு இப்படியொரு விலை வைத்திருப்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆம்வே விநியோகஸ்தர்களை உள்ளேயிருந்து கவனித்த மைக்கேல் பிராட், 2000இல் எழுதிய கட்டுரையில் அந்த வழிமுறையைப் பிரித்துக் காட்டுகிறார். முதலில் 'கனவு கட்டுதல்': இப்போது இருக்கும் வாழ்க்கைக்கும் ஆசைப்படும் வாழ்க்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒருவர் மனத்தில் அகலப்படுத்துவது. பிறகு அந்த இடைவெளியை அப்லைனின் அன்பாலும் நல்ல வார்த்தையாலும் நிரப்புவது. விருது விழா ஒரே மாலையில் இரண்டையும் செய்கிறது. மேலே நிற்பவர் இடைவெளியைக் காட்டுகிறார். இறங்கி வந்து தோளில் கைவைத்து, உன்னாலும் முடியும் என்று நிரப்புகிறார். மறுநாள் காலை கீழே இருப்பவர் என்ன செய்வார்? தெரிந்தவர் பட்டியலை எடுப்பார். "ஐடி போட்டாச்சா?" என்று தம்பி மனைவியைக் கேட்பார். மாதக் கடைசியில் பாயின்ட் குறைந்தால் தானே வாங்கி நிரப்புவார். அலமாரியில் புரதப்பொடி டப்பாக்கள் அடுக்கடுக்காகச் சேரும். காலாவதித் தேதி நெருங்கும்.

இந்த மேடை சத்துப்பொருள் தொழிலில் தனிச் சிக்கலாவது ஏன் என்றால், பாத்திரம் ஓட்டையாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய உடனே தெரிந்துவிடும். மாத்திரை வேலை செய்ததா என்பது மூன்று மாதம் விழுங்கிய பிறகும் தெரியாது. சாட்சி சொல்ல ஒரு மனிதர் தேவைப்படுகிறார். மேடையில் நிற்பவர் அந்தச் சாட்சி. அவர் சம்பாதித்த கதையைச் சொல்லும்போதே மூட்டுவலி போனதையும் சர்க்கரை இறங்கியதையும் சேர்த்துச் சொல்கிறார். டப்பாவின் லேபிளில் அச்சிட்டால் சட்டம் பிடிக்கும் வாக்கியம், வெற்றியாளரின் வாயிலிருந்து வரும்போது அனுபவப் பகிர்வாகிவிடுகிறது. இது புதிய தந்திரமும் இல்லை. நியூட்ரிலைட் விநியோகஸ்தர்கள் கையில் கொண்டுபோன, நோய் தீர்ந்து நலமாக வாழ்வது எப்படி என்ற சிறுநூலில் இருந்த வாக்குறுதிகளுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சரக்கைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1950இல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. இந்தியாவிலும் சத்துத் துணை உணவுகள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் இடம் தருவதில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் மேடைப் பேச்சை நம்பித் தன் மாத்திரையைக் குறைத்தால், அந்தப் பேச்சுக்கு விருது கொடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978இலிருந்து இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், பிரமிடுத் திட்டத்தையும் பணச் சுழற்சியையும் வெளிப்படையாகத் தடுத்தன. அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது என்றன. விற்பனையாளர் செய்யும் தவறுகள்மேல் வரும் புகாருக்கு நிறுவனத்தையும் பொறுப்பாக்கின. நல்ல விதிகள்.

2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியபோது, முடக்கப்பட்டவற்றில் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலமும் தொழிற்சாலையும் இருந்தன. புதிதாகச் சேர்பவர்கள் பொருளைப் பயன்படுத்துவதற்காக வாங்கவில்லை, அப்லைன் காட்டும் வசதியைப் பார்த்துத் தாங்களும் பணக்காரராகலாம் என்று வாங்குகிறார்கள் என்பது துறையின் குற்றச்சாட்டு. 2011இலிருந்து நடக்கும் விசாரணையின் தொடர்ச்சி இது, தாங்கள் ஒத்துழைத்து வருகிறோம் என்றது நிறுவனம். வழக்கின் முடிவு எதுவானாலும், குற்றச்சாட்டின் மையத்தில் இருப்பது மேடை எழுப்பும் ஆசைதான்.

தொழில்தரப்பு சொல்லும் ஒரு பதில் நியாயமானது. புள்ளி என்பது ஆள் எண்ணிக்கை இல்லை, பொருளின் அளவு. பலர் தள்ளுபடி விலைக்காகவே உறுப்பினராகிறார்கள், தொழில் செய்ய இல்லை என்கிறார்கள். உண்மை. நமக்குத் தெரிந்தவர்களிலேயே அப்படி இருக்கிறார்கள். ஆனால் யார் உண்பவர், யார் தொழில் செய்பவர் என்று பிரித்து எண்ண முடியாது என்ற வாதம் 2016க்குப் பிறகு நிற்காது. அந்த உத்தரவுக்குப் பின் ஹெர்பலைஃப் அமெரிக்காவில் இரு வகையினரையும் தனித்தனியாகப் பதிந்தது. சில்லறை விற்பனைக்கு ரசீதும் வாங்குபவர் விவரமும் கேட்டது. தெருமுனைக் கடைக்காரர்கூட கைபேசியில் பணம் வாங்கி, கைபேசியிலேயே கணக்கு வைக்கும் காலத்தில் இது முடியாத காரியமே இல்லை.

ஆகவே விருதை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். இந்த ஆண்டின் சிறந்த விநியோகஸ்தர், தொழிலில் சேராத வாடிக்கையாளர் அதிகம் பேரிடம் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து விற்றவராக இருக்கட்டும். அவர் சேர்த்தவர்களில் மூன்றாம் ஆண்டிலும் கைநஷ்டம் இல்லாமல் இருப்பவர் எத்தனை பேர் என்பதும் எண்ணப்படட்டும். வேண்டாம் என்றவரின் சரக்கைத் தகராறு இல்லாமல் திரும்ப எடுத்தவருக்கு மதிப்பெண் கிடைக்கட்டும்; டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னவரின் பட்டம் பறிபோகட்டும். இப்படி எண்ணினால் மேடையில் ஏறுபவர் முகங்கள் மாறும். பேச்சுத் திறமை இல்லாமல், ஒரே தெருவில் நாற்பது வீட்டுக்குப் பத்து வருடமாகப் பொடி கொண்டுபோய்க் கொடுக்கும் அக்காவும் அங்கே இருப்பார். இன்றைய படிக்கட்டில் அவருக்குக் கீழ்ப்படியைத் தாண்டி இடமில்லை.

இதை நிறுவனங்களின் நல்ல மனசுக்கு விட்டுவிட முடியாது. நேரடி விற்பனையைக் கண்காணிக்க மாநில அரசுகள் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. சென்னையில் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் நிறுவனங்களிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது கடந்த மூன்று ஆண்டுகளின் விருதுப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு எண்கள் வேண்டும்: அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த மொத்தத் தொகை, அவர் சொந்தக் கணக்கில் வாங்கிய சரக்கின் மதிப்பு, அவரிடம் வாங்கிய வெளி வாடிக்கையாளர் எண்ணிக்கை, அவர் சேர்த்தவர்களில் விலகியவர் எண்ணிக்கை. மூன்றாவது எண் 25க்கு மேல் இருக்கும் பெயர்களை மட்டும் அடுத்த விழா அழைப்பிதழில் அச்சிடலாம் என்று உத்தரவிட, புதிய சட்டம் தேவையா, இருக்கும் விதிகளே போதுமா என்பதை அரசு வழக்கறிஞர்கள் இப்போதே பார்த்துச் சொல்லட்டும்.